ஒரு வரிக்காக ஃபார்மட் வேண்டாம்

“சிஸ்டம் நல்லாத்தாண்ணே ஓடுது. ஆன் பண்ணா ரெண்டு பேர் வந்து நிக்குது. தேவையில்லாததை மட்டும் எடுத்துவிட்டுடுங்க.” இப்படிச் சொல்லிக்கொண்டு விருத்தாசலத்தில் என் கடைக்கு எக்ஸ்பி காலத்திலிருந்து இன்றுவரை ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எப்போதோ போட்ட இன்னொரு விண்டோஸ், ஆசைக்குப் போட்டுப் பார்த்த லினக்ஸ், பாதியில் கரண்ட் போய் நின்ற இன்ஸ்டலேஷன் என்று ஏதோ ஒன்று அழிந்துபோயிருக்கும். அதன் பெயர் மட்டும் பூட் மெனுவில் தங்கிவிடும். கை தவறி அதைத் தேர்ந்தெடுத்தால் பிழைச் செய்தி வரும். எதையும் தொடாமல் விட்டால் விண்டோஸ் மெனு வழக்கமாக 30 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே போகும்.

இதற்கு எங்கள் தொழிலில் சட்டென்று சொல்லப்படும் மருந்து ஒன்று உண்டு: “ஃபார்மட் அடிச்சுப் புதுசா ஓஎஸ் போட்டுடலாம்.” அது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒரு வரியை நீக்க வந்தவருடைய டேலி கணக்கு, குழந்தையின் காதுகுத்துப் படங்கள், பாதி எழுதிய ஆய்வேடு எல்லாவற்றையும் ஆபத்தில் வைக்க நமக்கு உரிமை கிடையாது. பேக்கப் எடுத்துவிட்டுத்தானே செய்கிறோம் என்பார்கள். பேக்கப்பில் டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் வரும். வேறு ஃபோல்டருக்குள் சேமித்த கணக்குக் கோப்பும், பிரவுசரில் மட்டும் இருந்த பாஸ்வேர்டும், சிடி தொலைந்துபோன பிரிண்டரின் டிரைவரும் வராது.

பூட் மெனுவில் தெரிவது ஓஎஸ் இல்லை. அது இருக்கும் இடத்தைச் சொல்லும் குறிப்பு. பஸ் ஸ்டாண்டு நேரப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியை நிறுத்திவிட்டதால் பலகையில் அதன் பெயர் தானாக அழிந்துவிடாது. பலகையில் பெயரை அழித்ததால் வண்டியும் நின்றுவிடாது. ஒருவர் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய்ப் பழைய ஓஎஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்துவிட்டு, “அழிச்சுட்டேன், ஆனா பேர் போகமாட்டேங்குது” என்று வந்து நிற்பதன் காரணம் இதுதான்.

ஆகவே இந்த வேலையில் நான் முதலில் பார்ப்பது, மெனுவைக் காட்டுவது யார் என்பதை. திரையைப் பார்த்தாலே தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, தலைப்பில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்றிருந்தால் விஸ்டாவும் விண்டோஸ் 7-ம். நீலத்தில் பெரிய பெரிய கட்டங்களாக வந்தால் விண்டோஸ் 8 முதல் வந்தவை. ஜிஎன்யூ கிரப் என்று மேலே எழுதிச் சுற்றிக் கட்டம் போட்டிருந்தால் லினக்ஸ் வைத்த மெனு. எஃப்12 அல்லது அந்தக் கம்பெனிக்குரிய கீயை அழுத்தினால் மட்டும் வருகிறது என்றால், அது மதர்போர்டே காட்டுகிற பட்டியல். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கிரப் காட்டும் பெயரை நீக்க விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக்கில் தேடினால், நாள் முழுக்கத் தேடினாலும் அங்கே இருக்காது.

நான் தொழில் பழகியது எக்ஸ்பியில். அப்போது இந்த வேலை எளிது. சி டிரைவில் மறைந்திருக்கும் பூட் டாட் ஐஎன்ஐ என்ற சின்ன உரைக்கோப்பு. நோட்பேடில் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும், எது டீஃபால்ட், கீழே ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் ஒரு வரி. அந்த வரியில் எந்த டிஸ்க், எந்த பார்ட்டிஷன், எந்த ஃபோல்டர் என்று எண் போட்டு எழுதியிருக்கும். தேவையற்ற வரியை அழித்து, டீஃபால்ட் வரி உயிரோடு இருக்கும் விண்டோஸைத்தான் காட்டுகிறதா என்று சரிபார்த்துச் சேமித்தால் முடிந்தது.

இரண்டாவதாகச் சொன்ன சரிபார்ப்பைப் பலர் விட்டுவிடுவார்கள். டீஃபால்ட் வரியில் பார்ட்டிஷன் எண் தப்பாக இருந்தால், ‘ஹால் டாட் டிஎல்எல் கோப்பு இல்லை அல்லது கெட்டுவிட்டது’ என்று திரை சொல்லும். கோப்பு இருந்த இடத்தில் நன்றாகத்தான் இருக்கும். பூட் லோடர் தப்பான பார்ட்டிஷனில் போய்த் தேடுகிறது, அவ்வளவே. அந்தச் செய்தியை அப்படியே நம்பி வேறு கணினியிலிருந்து அந்தக் கோப்பைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்து, அதுவும் சரிவராமல், ஹார்ட் டிஸ்க் போச்சு என்று முடிவுகட்டி எடுத்துவந்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் எண்ணை மாற்றினால் போதும். பிழைச் செய்தி எதைச் சொல்கிறது என்பதோடு, அது எங்கே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதை அந்தக் கோப்புதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

2007-ல் விஸ்டா வந்ததும் பூட் டாட் ஐஎன்ஐ போய்விட்டது. அந்த இடத்துக்கு பிசிடி என்ற தரவுக்கோப்பு வந்தது. நோட்பேடில் திறக்க முடியாது. பிசிடிஎடிட் என்ற கட்டளை வழியாகத்தான் பேச வேண்டும். ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் அடைப்புக்குறிக்குள் ஒரு நீளமான அடையாள எண். இதைப் பார்த்துப் பயந்தே நிறையப் பேர் ஃபார்மட்டுக்குப் போனார்கள். உண்மையில் எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் என்ற பக்கத்தைத் திறந்தாலே பட்டியல் தெரியும். இப்போது ஓடுவது எது என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். மற்றதைத் தேர்ந்தெடுத்து டெலீட் கொடுக்கலாம்.

இதில் ஒரு சிக்கல், பழையதை அழிக்காமல் இன்னொரு விண்டோஸ் போட்டவர்களுக்கு வரும். மெனுவில் ‘விண்டோஸ் 7’, ‘விண்டோஸ் 7’ என்று ஒரே பெயர் இரண்டு முறை நிற்கும். எது உயிருள்ளது? ஊகித்து நீக்கக்கூடாது. நான் முதலில் ஓடிக்கொண்டிருப்பதன் பெயரை பிசிடிஎடிட்டில் மாற்றிவிடுவேன், பெரும்பாலும் வாடிக்கையாளரின் பெயரையே வைத்து. ரீஸ்டார்ட் செய்து, அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், அவருடைய கோப்புகள் திறக்கின்றன என்று அவரையே பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். அதற்கும் முன்னால் பிசிடிஎடிட்டின் எக்ஸ்போர்ட் கட்டளையால் ஒரு நகல் எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொள்வேன். அரை நிமிட வேலை.

இதைவிடப் பெரிய சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. எக்ஸ்பி இருந்த கணினியில் டி டிரைவில் விண்டோஸ் 7 போட்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் எக்ஸ்பி தேவையில்லை என்றாகிவிடும். சி டிரைவை அழித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் விண்டோஸ் 7 டி டிரைவில் இருந்தாலும், அதைக் கிளப்பிவிடும் பூட்எம்ஜிஆர் கோப்பும் பிசிடியும், ஆக்டிவ் என்று குறியிட்ட பார்ட்டிஷனில், அதாவது எக்ஸ்பியின் சி டிரைவில்தான் உட்கார்ந்திருக்கும். எக்ஸ்பியை அழித்தால் விண்டோஸ் 7-ம் கிளம்பாது. முதலில் பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளைப் புதிய பார்ட்டிஷனுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அதை ஆக்டிவ் ஆக்க வேண்டும். அது தனியாகக் கிளம்புகிறதா என்று ஒருமுறை பார்த்த பிறகுதான் பழையதன் மேல் கை வைக்கலாம். இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட கணினியிலும் இதே கதை. பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் புதியது கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்தத் தொழிலில் எங்களுக்கு இதையெல்லாம் நன்றாகப் பழக்கிவிட்டது விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு அதைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு வந்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் பாஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. ஒரு கிராமத்துப் பிள்ளையின் கையில் முதல் கணினியே இரண்டு ஓஎஸ்ஸோடு வந்தது நல்ல விஷயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதைக் கற்றுக்கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லாமல் போனதுதான் வருத்தம். இடம் போதவில்லை, பாட்டும் படமும் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் தாங்களாகவே லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை விண்டோஸுக்குள்ளிருந்து அழித்துவிடுவார்கள். மறுமுறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டே வரி: ‘அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை’ என்று ஒன்று, அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒன்று. விண்டோஸும் வராது.

ஒரு பெண், மூன்றாம் ஆண்டு பிஎஸ்சி, அப்படித்தான் வந்தாள். “அண்ணா, பிராஜெக்ட் எல்லாம் இதுலதான் இருக்கு. வேற எடத்துல காட்டினேன், எல்லாம் போயிடுச்சு, ஃபார்மட்தான்னு சொல்லிட்டாங்க” என்றாள். கூட வந்த அவளுடைய அப்பா ஒன்றும் பேசாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எதுவும் போகலம்மா, இரு” என்று சொல்லிவிட்டுத்தான் மெஷினையே திறந்தேன். பயந்து வருகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

எதுவும் போகவில்லை என்று எப்படித் தெரியும்? பழைய முறையில் ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டர், அதாவது எம்பிஆர், 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் முத்திரை. மிச்சமிருக்கும் 446 பைட்டுக்குள்தான் பூட் செய்யும் நிரல் அடங்க வேண்டும். கிரப் அவ்வளவு சின்ன இடத்தில் அடங்காது. ஆகவே தலையை மட்டும் முதல் செக்டரில் வைத்து, நடுப்பகுதியை அதற்கடுத்த காலி இடத்தில் வைத்து, மெனு முதலான மற்ற எல்லாவற்றையும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைத்துக்கொள்கிறது. பார்ட்டிஷனை அழித்ததும் தலையும் நடுப்பகுதியும் மட்டும் மிஞ்சுகின்றன. அவை மற்ற பாகங்களைத் தேடுகின்றன, கிடைக்காமல் அங்கேயே நிற்கின்றன. விண்டோஸ் பார்ட்டிஷனை யாரும் தொடவே இல்லை. அதைக் கிளப்பிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் 7 போடும் பென் டிரைவில் பூட் செய்து, இன்ஸ்டால் கொடுக்காமல் ரிப்பேர் பக்கம் போய், கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் என்று கொடுத்தேன். அது முதல் செக்டரின் நிரலை மட்டும் மாற்றி எழுதும். பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது. ரீஸ்டார்ட் ஆனதும் அவளுடைய டெஸ்க்டாப் வந்தது. பிராஜெக்ட் ஃபோல்டரை அவளே திறந்து பார்த்தாள். அவள் அப்பா “எவ்வளவு சார்?” என்று கேட்டபடி சட்டைப்பையில் கை விட்டார். பென் டிரைவ் ஒன்று வாங்கி அந்த ஃபோல்டரை இன்றைக்கே நகல் எடுத்து வைக்கச் சொன்னேன். அதுதான் என் கூலி என்றும் சொன்னேன்.

அந்தப் பிள்ளைகள் பார்ட்டிஷனை அழித்தது குற்றமே இல்லை. வரிசை மட்டும் மாறிவிட்டது. லினக்ஸை எடுக்க வேண்டுமானால் முதலில் பூட் பொறுப்பை விண்டோஸுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விண்டோஸ் நேராகக் கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பார்ட்டிஷன். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பூட் மெனு வேலையில் கெடுதல் வருவது அரிது. கடைக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தேவையில்லாத ஓஎஸ் என்று சொல்வது யார் என்பதையும் பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்திலிருந்து மகன் மெஷினை எடுத்துவந்தார். விண்டோஸ் 7 ஓடுகிறது, மெனுவில் எக்ஸ்பி என்று ஒன்று நிற்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார். எக்ஸ்பி பார்ட்டிஷனைத் திறந்து பார்த்தேன். பேஜ்மேக்கர் இருந்தது. யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் வரிசையாக இருந்தன. கோப்புகளின் தேதி அந்த வாரத்துத் தேதி. அவருடைய அப்பாவுக்கு போன் போட்டேன். “தம்பி, அதுல கை வெச்சிடாதய்யா. அதுலதான் என் பொழப்பே இருக்கு” என்றார். பழைய தமிழ் மென்பொருளின் ஹார்டுவேர் லாக் எக்ஸ்பியில் மட்டும்தான் வேலை செய்தது. வருஷக்கணக்கில் அடித்த பத்திரிகைகளின் மூலக்கோப்புகள் அந்த எழுத்துருக்களில்தான் திறக்கும். இரவு மகன் போன பிறகு பெரியவர் எக்ஸ்பியைத் தேர்ந்தெடுத்து வேலை பார்த்துவந்திருக்கிறார். மெனுவில் எதையும் நீக்கவில்லை. விண்டோஸ் 7-ஐ டீஃபால்ட் ஆக்கி, காத்திருக்கும் நேரத்தை 5 விநாடியாகக் குறைத்துக் கொடுத்தேன். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து எந்தப் பெயரை நீக்கச் சொன்னாலும், அந்த பார்ட்டிஷனில் கடைசியாக மாற்றப்பட்ட கோப்புகளின் தேதியைப் பார்க்காமல் நான் தொடங்குவதில்லை.

இப்போது வருகிற மெஷின்கள் எல்லாம் யுஇஎஃப்ஐ. முதல் செக்டர் கதை முடிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் ஃபேட்32 ஆக ஒரு சின்ன பார்ட்டிஷன் தனியாக இருக்கும், இஎஸ்பி என்பார்கள். அதற்குள் ஒவ்வொரு ஓஎஸ்ஸும் தன் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்து பூட் கோப்புகளைப் போட்டுக்கொள்கிறது. அதோடு மதர்போர்டின் சிப்பிலும் தன் பெயரை எழுதிவைக்கிறது. ஆக, பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. “ஃபுல்லா ஃபார்மட் பண்ணிட்டேன், ஆனாலும் எஃப்12 அடிச்சா உபுண்டுன்னு வருதே” என்று குழம்பி வருகிறவர்களுக்கு விளக்கம் இதுதான். டிஸ்க்கையே கழற்றி வைத்தாலும் சிப்பில் எழுதியது அங்கேயே இருக்கலாம். ஃபார்மட் இந்தப் பெயரை நீக்கும் என்ற நம்பிக்கைக்கு இனி இடமே இல்லை.

நீக்குவதும் இரண்டு இடத்திலும் நடக்க வேண்டும். விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, மவுன்ட்வால் கட்டளையால் இஎஸ்பிக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, அதற்குள் இருக்கும் உபுண்டு ஃபோல்டரை மட்டும் நீக்குவேன். மைக்ரோசாஃப்ட் என்ற ஃபோல்டரையும், பூட் என்ற ஃபோல்டரையும் தொடுவதில்லை. அந்த பூட் ஃபோல்டர்தான், மற்ற வழி எல்லாம் அடைந்துபோனால் மதர்போர்டு கடைசியாகத் தேடும் இடம். பிறகு பிசிடிஎடிட்டில் ஃபர்ம்வேர் பட்டியலைக் கேட்டு, உபுண்டுவின் அடையாள எண்ணைப் பார்த்து நீக்குவேன். லினக்ஸ் லைவ் பென் டிரைவ் கையில் இருந்தால் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் இதை இன்னும் தெளிவாகக் காட்டும்: நான்கு இலக்க எண், பக்கத்தில் பெயர், எந்தக் கோப்பு என்ற பாதை. சிப்பிலிருந்து மட்டும் பெயரை நீக்கி ஃபோல்டரை விட்டுவிட்டால், சில மதர்போர்டுகள் அடுத்த முறை ஃபோல்டரைப் பார்த்துத் தாமாகவே பெயரைத் திரும்ப எழுதிக்கொள்ளும்.

லினக்ஸை வைத்துக்கொண்டு விண்டோஸை எடுத்தவர்களுக்கு வேலை குறைவு. கிரப்பின் மெனுக் கோப்பில் நேரடியாகக் கை வைக்காமல் அப்டேட்-கிரப் கொடுத்தால் போதும். இருக்கிற ஓஎஸ்களைத் தேடிப் பட்டியலைப் புதிதாக எழுதிக்கொள்ளும். கையால் செய்த மாற்றம் அடுத்த கெர்னல் அப்டேட்டில் அழிந்துவிடும். 2021-ல் வந்த கிரப் 2.06 முதல் மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தானாக ஓடாது. ஆகவே பெயர் நீங்கியதோடு, வைத்துக்கொண்ட இன்னொரு விண்டோஸ் இருந்தால் அதுவும் மெனுவிலிருந்து காணாமல் போகலாம். அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்தால் திரும்ப வரும். பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கருக்கு. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. உடையவருக்கே அது தெரியாது. பூட் வரிசையை மாற்றினாலோ செக்யூர் பூட்டை அணைத்தாலோ, அடுத்த முறை நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பதை எந்த மெக்கானிக்காலும் எடுத்துத்தர முடியாது. பழைய எம்பிஆர் காலத்தில் “எதுவும் போகலம்மா” என்று நான் தைரியமாகச் சொன்னேன். இன்றைக்கு அந்த எண் கையில் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் சொல்ல முடிகிறது.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து, விண்டோஸ் 11 ஏறாத மெஷின்களில் லினக்ஸ் போட்டுப் பார்க்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் சிலர் திரும்பிப் போவார்கள். பெயர்கள் மெனுவில் மிஞ்சும். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு இந்த வேலை இனியும் நிறைய வரும். ஃபார்மட் போட்டால் கிடைக்கும் கூலி இதில் கிடைக்காதுதான். ஆனால் கோப்பு எதையும் இழக்காமல் மெஷினை வாங்கிப்போகிற ஆசிரியர் தன் பள்ளிக்கூடத்தையே உங்கள் கடைக்கு அனுப்புவார். என் கடை அப்படித்தான் நிலைத்தது.

கணினியை எடுத்துவருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பிட்லாக்கர் மீட்பு எண்ணைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். மெனுவில் இருக்கும் ஒரு பெயரை நீக்க யாராவது ஃபார்மட் என்று சொன்னால், அந்த மெனுவைக் காட்டுவது விண்டோஸா, கிரப்பா, மதர்போர்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் மெஷினைக் கொடுக்காதீர்கள்.